கம்பத்தின் நீளம் பன்னிரண்டு மீட்டர்

நாற்பத்துநாலு வயதில் எட்டாம் வகுப்புப் பரீட்சை எழுதப் போனவள் நான். இதைச் சொன்னால் சிலர் முகத்தைக் கனிவாக வைத்துக்கொண்டு, "படிப்புக்கு ஏது வயசு, பெருமைப்பட வேண்டிய விஷயம்" என்பார்கள். பெருமை ஒரு மண்ணும் இல்லை. தையல் பயிற்றுநர் வேலைக்கு எட்டாம் வகுப்புச் சான்றிதழ் கேட்டார்கள். என்னிடம் இல்லை. அதனால் போனேன்.

தக்கலையில் பத்மநாபபுரத்துக்குத் திரும்பும் சாலையில் என் தையல்கடை. இருபத்தைந்து வருஷமாக ரவிக்கை தைக்கிறேன். பாதிப் பொழுது அரண்மனைக்கு வழி கேட்கிறவர்களுக்குக் கை காட்டுவதிலேயே போகும். தலைக்கு மேல் பெரிய போர்டு அம்புக்குறியோடு தொங்கும். அதன் கீழே நின்றுகொண்டு என்னிடம் கேட்பார்கள். படித்தவர்கள் மேல் எனக்கு இருந்த மரியாதை முக்கால்வாசி அந்தப் போர்டுக்குக் கீழேதான் போயிற்று.

பெண்களுக்கான தையல் பயிற்சி நிலையம் ஒன்றிலிருந்து ஓர் அம்மா கடைக்கு வந்தார். நான் தைத்த கழுத்துப் பட்டியை உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்துவிட்டு, அங்கே சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்றார். நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற வேலை. இருபத்தைந்து வருஷம் மெஷின் மிதித்த முழங்காலுக்கு அந்த நாற்காலி சொர்க்கமாகத் தெரிந்தது. "எட்டாங்கிளாஸ் சர்ட்டிபிகேட் மட்டும் கொண்டு வாங்க. இந்த வருஷம் முடியும் வரைக்கும் வேற ஆள் போடாம வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் பள்ளிக்கூடத்தை ஏழாம் வகுப்பில் விட்டவள். வறுமை, குடிகார அப்பா என்று கதை எதுவும் கிடையாது. பின்னக் கணக்கு. அவ்வளவுதான் காரணம். அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டினால் எவ்வளவு என்று கேட்டதற்கு, மேலே உள்ளதை மேலே உள்ளதோடும் கீழே உள்ளதைக் கீழே உள்ளதோடும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று போர்டில் எழுதினேன். வகுப்பு முழுவதும் சிரிக்கும்வரை டீச்சர் என்னை அங்கேயே நிற்கவைத்தார். ஏன் தப்பு என்று அவரும் சொல்லவில்லை, சிரித்தவர்களும் சொல்லவில்லை. மறுவாரம் காய்ச்சல் என்று வீட்டில் இருந்தேன். காய்ச்சல் விட்ட பிறகும் போகவில்லை. யாரும் வற்புறுத்தவும் இல்லை.

தமிழும் சமூக அறிவியலும் எனக்குப் பயமில்லை. நூலகத்தில் கையில் கிடைத்ததையெல்லாம் வாசிக்கிறவள் நான். கணக்கில்தான் முப்பத்தைந்து மார்க் எடுத்தாக வேண்டும். அதற்காக பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செருப்புக்கடை மாடியில் நடந்த ஒரு டுட்டோரியலில் சேர்ந்தேன். சனிக்கிழமை தோறும் காலை பத்திலிருந்து ஒன்றுவரை வகுப்பு. பதினொரு பேர். ஒன்பது பெண்கள், இரண்டு ஆண்கள். எல்லோருக்கும் ஏதோ ஒரு வேலைக்கு எட்டாம் வகுப்பு வேண்டும். அறிவு வேண்டும் என்று வந்தவர் ஒருவரும் இல்லை. கொடுக்கிறவரும் இல்லை.

கணக்கு சாருக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். செண்ட் வாசனை அவருக்கு முன்பே மாடி ஏறி வந்துவிடும். எங்கள் எல்லோரையும் அக்கா என்றும் அண்ணன் என்றும் கூப்பிட்டார். அந்த அளவுக்கு மரியாதை தெரிந்த பிள்ளைதான். முதல் நாள் போர்டில் அரை, பக்கத்தில் எட்டில் மூன்று, நடுவில் கூட்டல் குறி போட்டார். பிறகு குறுக்கே இரண்டு வட்டம் வரைந்தார்.

"மேல உள்ளதயும் கீழ உள்ளதயும் குறுக்கால பெருக்கணும். இது ஒரு ரெக்க. இது இன்னொரு ரெக்க. கீழ ரெண்டயும் பெருக்கினா வால். பாத்தியளா, பட்டாம்பூச்சி."

பதினொரு பேரும் நோட்டில் பட்டாம்பூச்சி வரைந்தோம். ஒருத்தி அதற்குக் கொம்பு வேறு வைத்தாள்.

"ஏன் சார் குறுக்கால பெருக்கணும்?" என்று கேட்டேன்.

"அப்பதான் அக்கா ஆன்சர் வரும்."

இந்தப் பதிலை நான் என் வாடிக்கையாளரிடம் சொன்னால் ரவிக்கையை மூஞ்சியில் எறிவார்கள். கையை ஏன் இப்படி வெட்டினாய் என்றால் அப்பதான் கை வரும் என்று சொல்ல முடியுமா?

எங்கள் பக்கத்தில் மர வேலை செய்கிற ஆசாரியும் சரி, தையல்காரர்களும் சரி, ஓர் இஞ்சை எட்டாகப் பிரித்து அதில் ஒன்றை ஒரு நூல் என்போம். டேப்பில் சின்னச் சின்னக் கோடாக இருப்பதுதான் நூல். அரை இஞ்ச் என்றால் நாலு நூல். எட்டில் மூன்று என்றால் மூணு நூல். நாலும் மூணும் ஏழு. ஏழு நூல், அதாவது எட்டில் ஏழு. இதற்கு நான் பேனாவைக்கூடத் தொட வேண்டாம். சாரின் வழி வேறு. ஒன்றை எட்டால் பெருக்கி எட்டு. மூன்றை இரண்டால் பெருக்கி ஆறு. இரண்டையும் கூட்டிப் பதினான்கு. கீழே இரண்டையும் எட்டையும் பெருக்கிப் பதினாறு. பதினாறில் பதினான்கு. பிறகு மேலும் கீழும் இரண்டால் வகுத்து எட்டில் ஏழு. தக்கலையிலிருந்து நாகர்கோவிலுக்குப் போக எதிர்த்திசையில் போகும் மார்த்தாண்டம் பஸ்ஸில் ஏறுவதுபோல்.

நான் என் வழியைச் சொன்னேன். சார் கேட்டார். புரிந்தது என்றுதான் நினைக்கிறேன். முகத்தில் ஒரு நிமிஷம் வெளிச்சம் வந்தது. உடனே அதை அணைத்துவிட்டார்.

"ஆன்சர் செரிதான் அக்கா. ஸ்டெப்பு எங்க? அஞ்சு மார்க் கணக்குல ஆன்சருக்கு ஒரு மார்க்தான். மிச்சம் நாலும் ஸ்டெப்புக்கு. பேப்பர் திருத்துறவங்களுக்கு உங்க நூலு தெரியுமா?"

பேப்பர் திருத்துகிறவர் சட்டை போடுவாரா மாட்டாரா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. சான்றிதழ் எனக்கு வேண்டும்.

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. இனயம் கடற்கரையிலிருந்து ஒருத்தி வந்துகொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். அங்கன்வாடியில் உதவியாளர் வேலைக்காக வந்தாள். சார் அவளைப் போர்டுக்குக் கூப்பிட்டு அதே கணக்கைத் திரும்பப் போடச் சொன்னார். பட்டாம்பூச்சி அவளுக்கு மறந்துபோயிற்று. மேலே ஒன்றும் மூன்றும் நாலு, கீழே இரண்டும் எட்டும் பத்து என்று போட்டு, பத்தில் நாலு என்று எழுதி அடிக்கோடும் இட்டாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அரையைவிடக் குறைகிறதாம். இரண்டு பஸ் மாறி, வெயிலில் வந்து, இதைச் சொல்லவா வந்தாள்? வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன், மற்றவர்களைவிடச் சத்தமாக. முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன் நான் எழுதியதும் அதே தப்புதான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சிரித்தேன். அவள் சாக்பீஸைச் சாரிடம் கொடுத்துவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். அழவில்லை. கோபப்படவும் இல்லை. பக்கத்திலிருந்தவளிடம் மணி என்ன என்று கேட்டாள்.

அவளுடைய பஸ் இரண்டரைக்கு. ஒரு மணிக்கு வகுப்பு முடிந்தால் அதுவரை எங்கே இருப்பது என்று தெரியாமல் என் கடைப் படியில் வந்து உட்கார ஆரம்பித்தாள். உட்காராதே என்று சொல்ல முடியவில்லை. மதியம் கடையில் ஆள் வராத நேரம். சும்மா இருக்க வேண்டியவள் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, தப்புத் தப்பாகப் பட்டாம்பூச்சி வரைந்துகொண்டிருப்பாள். வால் இல்லாத பட்டாம்பூச்சி, ஒற்றை ரெக்கைப் பட்டாம்பூச்சி. மூன்றாவது சனிக்கிழமை பார்க்கச் சகிக்காமல் டேப்பை எடுத்து அவள் மடியில் போட்டேன்.

"ஏட்டி, அத கிழிச்சு எறி. இதுல அரை இஞ்சு எங்க இருக்கு, காட்டு."

காட்டினாள்.

"அதுல எத்தன நூலு?"

எண்ணினாள். நாலு. அதோடு மூணு நூல் கூட்டு என்றேன். விரலை நகர்த்தினாள். ஏழு என்றாள். பிறகு டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுதானா அக்கா?"

"இதுதான்."

"இதுக்கா அந்த பூச்சி?"

அன்றைக்குத்தான் அவளை எனக்குக் கொஞ்சம் பிடித்தது. இரக்கத்தில் சொல்லிக்கொடுத்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவள் போர்டுக்குப் போய் நின்றால் எல்லோருக்கும் நேரம் வீணாகிறது, அந்த எரிச்சலில்தான் சொல்லிக்கொடுத்தேன்.

அடுத்த வாரம் நூல் என்னைக் கைவிட்டது. மூன்றில் ஒன்றையும் எட்டில் ஒன்றையும் கூட்டு என்று சார் கொடுத்திருந்தார். டேப்பில் மூன்றில் ஒன்றுக்குக் கோடு கிடையாது. எட்டு நூலை மூன்று பேருக்குச் சமமாகக் கொடுக்க முடியாது. துணியில் என்றால் மூன்றாக மடித்துவிடுவேன், இஞ்சை எப்படி மடிப்பது? இரண்டு பேரும் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தோம். நூலை இன்னும் சின்னதாக்கினால் என்ன என்று எனக்குத் தோன்றியது. ஒவ்வொரு நூலையும் மூன்றாக வெட்டினால் ஓர் இஞ்சில் இருபத்துநாலு பொடி நூல். அதில் மூன்றில் ஒன்று எட்டு. எட்டில் ஒன்று மூன்று. இரண்டும் சேர்ந்தால் பதினொன்று. இருபத்துநாலில் பதினொன்று.

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடையைப் பார்த்தோம். அதேதான். அப்போது வந்த சந்தோஷத்தைச் சொல்லாமல் விடக் கூடாது. பிள்ளை பெற்றபோதுகூட எனக்கு அப்படி இருந்ததில்லை. சிறு வயதில் ஐந்தில் இரண்டு என்று எழுதியது ஏன் தப்பு என்பதும் அந்த நிமிஷத்தில் தெரிந்தது. அரை ஒரு அளவில் வெட்டின துண்டு, மூன்றில் ஒன்று இன்னொரு அளவில் வெட்டின துண்டு. இரண்டையும் ஒரே அளவுப் பொடியாக்காமல் எப்படி எண்ணுவது? இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அந்த டீச்சருக்கு அது தெரிந்திருக்காது என்றே இப்போது நினைக்கிறேன். அவரும் எங்கேயோ வால் வரைந்து பாஸான ஆளாகத்தான் இருந்திருப்பார்.

அல்ஜீப்ராவும் இதே லட்சணம்தான். சமக்குறி ஒரு பாலம் என்றார் சார். பாலத்தைத் தாண்டுகிற எண் சட்டையை மாற்றிக்கொள்ள வேண்டும், பிளஸ் போனால் மைனஸ், மைனஸ் போனால் பிளஸ். ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்டேன். அதெல்லாம் கேட்கப்படாது என்றார். கடையில் வந்து இனயத்துக்காரிக்கு நான் இரண்டு கையையும் காட்டினேன். ரவிக்கையின் இரண்டு கையும் ஒரே நீளம். இந்தக் கையில் மூன்று இஞ்ச் வெட்டினால் அந்தக் கையிலும் மூன்று இஞ்ச் வெட்ட வேண்டும். எக்ஸும் மூன்றும் சேர்ந்து பத்து என்றால், இரண்டு பக்கமும் மூன்றை வெட்டு. இந்தப் பக்கம் எக்ஸ் மட்டும் நிற்கும், அந்தப் பக்கம் ஏழு நிற்கும். எதுவும் பாலம் தாண்டவில்லை, யாரும் சட்டை மாற்றவில்லை.

"கொள்ளாம், நல்லா இருக்கு" என்றாள் அவள்.

பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது சார் ஸ்பைரல் போட்ட ஒரு நோட்டு கொடுத்தார். பத்துக் கணக்குகள், ஸ்டெப் ஸ்டெப்பாக. இதிலிருந்து கட்டாயம் ஐந்து மார்க் கணக்கு ஒன்று வரும், வருஷா வருஷம் வருகிறது, மனப்பாடம் செய்யுங்கள் என்றார். கணக்கை மனப்பாடம் செய்வது! வழியை அல்ல, எண்ணோடு சேர்த்து வரிவரியாக. நம் ஆட்களைத் தவிர உலகத்தில் வேறு யாராவது இதைச் செய்வார்களா என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த மாடியில் பதினொரு பேரும் சேர்ந்து கணக்கு ஓதினோம். சார் முதல் வரியை எடுத்துக்கொடுப்பார். மாதா கோயில் ஜெபமாலைபோல மிச்ச வரிகளை நாங்கள் ஏற்றுச் சொல்ல வேண்டும்.

நாலாவது கணக்கு கம்பம். ஒரு கம்பத்தின் மூன்றில் ஒரு பங்கு சேற்றிலும், நான்கில் ஒரு பங்கு தண்ணீரிலும் இருக்கிறது, வெளியே தெரிவது ஐந்து மீட்டர், கம்பத்தின் நீளம் என்ன?

"கம்பத்தின் நீளம் x மீட்டர் என்க" என்று சார் தொடங்குவார். அங்கிருந்து ஒன்பது வரி. மூன்றுக்கும் நான்குக்கும் மீச்சிறு பொது மடங்கு பன்னிரண்டு, ஆகவே பன்னிரண்டில் ஏழு, ஆகவே மீதி பன்னிரண்டில் ஐந்து, ஆகவே, ஆகவே, ஆகவே. கடைசியில் எல்லோரும் குரலை உயர்த்தி, "கம்பத்தின் நீளம் பன்னிரண்டு மீட்டர்" என்று முடிப்போம். கீழே செருப்புக்கடைக்காரர்கூட மனப்பாடமாகச் சொல்வார்.

இனயத்துக்காரிக்கு அந்தக் கம்பமே பிடிக்கவில்லை.

"நாலு மீட்டர் சேத்துல எறங்கின கம்ப எவனும் திரும்ப எடுக்க மாட்டான் அக்கா. எடுக்காம எப்பிடி அளப்பான்? நடுறதுக்கு முன்ன அளக்கணும். எந்த கோட்டிக்காரனுக்க கம்பு இது?"

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கடைசி வகுப்பில் ஒருவர் சாரிடம் கேட்டார். பரீட்சையில் எண்ணை மாற்றிக் கேட்டால் என்ன செய்வது? நியாயமான கேள்வி. சார் கொஞ்சமும் அசரவில்லை.

"மாத்த மாட்டாங்க. மாறி இருந்தா பிரிண்டிங் மிஸ்டேக்குன்னு வச்சுக்கிடுங்க. கேள்வி தப்புன்னா அத எழுதின எல்லாருக்கும் மார்க் போட்டுருவாங்க. நீங்க பாட்டுக்கு நோட்டுல உள்ளத எழுதுங்க."

நான் வாய்விட்டே சிரித்தேன். அன்று மதியம் படியில் உட்கார்ந்து இனயத்துக்காரியிடம் சாரை மாதிரியே பேசிக்காட்டினேன். அரசாங்கம் தப்பாக அச்சடிக்கும், இவருடைய ஸ்பைரல் நோட்டு மட்டும் தப்பாகாது. "நீ அதக் கேக்காத. கணக்க பாரு. பாத்தா ஆன்சர் தெரியும். தெரிஞ்சத எழுது, ரெண்டு வரின்னாலும் போதும்" என்றேன். அவள் தலையாட்டினாள். எனக்கு அப்போது இருந்த திமிர் கொஞ்சநஞ்சமல்ல.

பரீட்சை ஒரு பள்ளிக்கூடத்தில். சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தோம். எனக்கு இரண்டு பெஞ்ச் முன்னால் இனயத்துக்காரி. கேள்வித்தாளைத் திருப்பினேன். வட்டமிடும் கேள்விகளில் பன்னிரண்டு எனக்கு உறுதியாகத் தெரிந்தது, தெரியாததில் வட்டமிடவில்லை. இரண்டு மார்க் கணக்கில் ஏழு போட்டேன். ஐந்து மார்க்கில் ஒரு பின்னக் கணக்கு முழுதாக வந்தது. வடிவியலைத் தொடவில்லை, வரைபடத்தையும் தொடவில்லை. அப்புறம் கம்பம்.

மூன்றில் ஒரு பங்கு சேற்றில். ஆறில் ஒரு பங்கு தண்ணீரில். வெளியே தெரிவது ஏழு மீட்டர்.

எண்ணை மாற்றியிருந்தார்கள். பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆறு துண்டாக வெட்டினால் சேற்றில் இரண்டு, தண்ணீரில் ஒன்று, ஆக மூன்று. மூன்று என்றால் பாதி. மீதிப் பாதி ஏழு மீட்டர். கம்பம் பதினான்கு மீட்டர். எழுதினேன். இரண்டே வரி.

எழுதிவிட்டுப் பேனாவை மூடியிருந்தால் இந்தக் கதையே கிடையாது. நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் என்னோடு ஓதிய ஆட்கள் எல்லோரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். உதடு அசைந்துகொண்டிருந்தது. எந்த வரியில் இருக்கிறார்கள் என்றுகூட எனக்குத் தெரிந்தது. ஒருவர் எழுந்து கூடுதல் தாள் வாங்கினார். என் தாளில் இரண்டு வரி. ஐந்து மார்க்குக்கு இரண்டு வரி. இவ்வளவு சுலபமாகவா பரீட்சையில் கேட்பார்கள்? ஏழாம் வகுப்பில் போர்டுக்கு முன்னால் நின்றது ஞாபகம் வந்தது. பிரிண்டிங் மிஸ்டேக்காக இருந்தால்? எல்லோருக்கும் மார்க் கிடைத்து எனக்கு மட்டும் கிடைக்காமல் போனால்? அந்த நாற்காலி?

ஸ்கேல் வைத்து, கோணாமல், என் இரண்டு வரியை அடித்தேன். அதற்குக் கீழே, "கம்பத்தின் நீளம் x மீட்டர் என்க" என்று தொடங்கினேன். கை தானாகப் போயிற்று என்று சொன்னால் பொய். ஒவ்வொரு வரியும் தெரிந்தேதான் எழுதினேன். நான்கில் ஒரு பங்கு என்று எழுதும்போது கேள்வித்தாளில் ஆறு இருந்தது. ஐந்து மீட்டர் என்று எழுதும்போது ஏழு இருந்தது. ஒன்பது வரியையும் எழுதி, கம்பத்தின் நீளம் பன்னிரண்டு மீட்டர் என்று முடித்து, சுற்றிலும் கட்டம் போட்டேன். அந்த மாடியில் நான் கேவலமாக நினைத்த எல்லோரும் செய்ததைத்தான் செய்தேன். அவர்களுக்குத் தப்பு என்று தெரியாது. எனக்குத் தெரியும்.

வெளியே வந்தபோது இனயத்துக்காரி கேட்டருகே காத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கம்பு பதினாலுதானே?"

"பதினாலுதான்" என்றேன். அதுவரை பொய் இல்லை.

ரிசல்ட் வந்தது. எனக்குக் கணக்கில் முப்பத்தைந்து. சரியாக முப்பத்தைந்து. பதினொரு பேரில் நாலு பேர் தேறினோம். அந்த அம்மா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். சான்றிதழின் நகலை வாங்கிக் கோப்பில் வைத்துவிட்டு நாற்காலியைக் காட்டினார். இப்போது அதில்தான் உட்கார்கிறேன். பயிற்சி காலையோடு முடிந்துவிடும், மதியம் வழக்கம்போல் கடை. சார் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஃப்ளெக்ஸ் வைத்தார். நாலு பேர் படம், நடுவில் நாலு பேரையும்விடப் பெரிதாக அவர் படம். கம்பக் கணக்கைப் பற்றிக் கேட்டார், நோட்டில் உள்ளபடியே எழுதினேன் என்று சொன்னேன். "நான் அப்பவே சொன்னேன்லா" என்றார்.

ஒரு மதியம் கடையில் பழைய கேள்வித்தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வட்டமிட்டதில் பன்னிரண்டு. இரண்டு மார்க் கணக்கு ஏழு, அதற்குப் பதினான்கு. ஐந்து மார்க்கில் ஒன்று. பன்னிரண்டும் பதினான்கும் இருபத்தாறு. இருபத்தாறும் ஐந்தும் முப்பத்தொன்று. வேறு எங்கிருந்தும் ஒரு மார்க் வர வழியில்லை. கம்பத்துக்கு வந்தது x என்க. முப்பத்தொன்றும் எக்ஸும் சேர்ந்து முப்பத்தைந்து. இரண்டு பக்கமும் முப்பத்தொன்றை வெட்டினேன். எக்ஸ் நாலு.

தப்பான கணக்கு எனக்கு நாலு மார்க் கொடுத்திருக்கிறது. ஸ்டெப்புக்கு நாலு, ஆன்சருக்கு ஒன்று என்று சார் சொன்னது அப்படியே. அந்த நாலில்தான் நான் தேறியிருக்கிறேன். அடிக்காமல் விட்டிருந்தால் என் இரண்டு வரிக்கு ஐந்து போட்டிருப்பார்களா, இல்லை ஸ்டெப் இல்லை என்று ஒன்றைப் போட்டு என்னை முப்பத்திரண்டில் நிறுத்தியிருப்பார்களா? எத்தனை முறை போட்டுப் பார்த்தாலும் அந்தக் கணக்குக்கு விடை வரவில்லை. அடித்துவிட்டவளுக்கு எப்படி வரும்?

கேள்வித்தாளை மடித்து வைக்கும்போது படியில் நிழல் விழுந்தது. இனயத்துக்காரி. ரிசல்ட்டுக்குப் பிறகு அன்றைக்குத்தான் வருகிறாள். கையில் ஒரு கவர் நிறையச் சாளை மீன். அன்று காலையில் கரைக்கு வந்தது, உங்களுக்கென்று எடுத்து வைத்தேன் என்றாள். அவளுக்குக் கணக்கில் நாற்பத்தொன்று.

"எல்லாம் நீங்க பறஞ்சு தந்ததுதான் அக்கா. கம்பு கணக்க எழுதிப் பாத்தேன். ரெண்டே வரி. சுத்தி உள்ளவிய பக்கம் பக்கமா எழுதுறாவ. அடிச்சிட்டு நோட்டுல உள்ளத எழுதிருவமான்னு பேனாவ வச்சேன். அப்பதான் உங்களுக்க ஓர்ம வந்து. முன்ன இருந்ததுனால உங்கள திரும்பிப் பாக்க முடியல. ஆனா நீங்க பின்ன இருந்து எழுதுறது ரெண்டு வரிதான், அக்கா பயப்பட மாட்டாவன்னு மனசுல நெனச்சேன். அப்பிடியே விட்டுட்டேன்."

நான் டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

"நீங்களும் ரெண்டு வரிதானே அக்கா எழுதினிய?"

"ரெண்டு வரிதான்" என்றேன்.

அவள் சிரித்தாள். நான் கையை நீட்டி மீனை வாங்கிக்கொண்டேன்.